கல் சிலேட்டில் தொடங்குங்கள்: டிராயிங் மாஸ்டர் பதில்கள்

கேள்வி: மாஸ்டர், எங்கள் பிள்ளைகள் இருவரும் (7 வயது, 10 வயது) வீட்டிலேயே படிக்கிறார்கள். கைவேலை நேரத்தில் வாட்டர் கலர் சொல்லித் தரலாம் என்று உட்கார்ந்தால், சற்று நேரத்திலேயே எல்லா நிறமும் சேறாகி, தாளும் பிய்ந்து போகிறது. எனக்கும் வரையத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, சேலம்

பதில்: உங்களுக்கு வரையத் தெரியாதது நல்லதுதான் அம்மா. வரையத் தெரிந்த பெற்றோர் பாதியிலேயே பிரஷ்ஷைப் பிடுங்கி, "இப்படிப் போடுடா" என்று தாங்களே முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் கலர் டப்பாவை எடுத்து அலமாரியில் வையுங்கள். ஒரு கல் சிலேட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர், 6-ஆம் நம்பர் ரவுண்ட் பிரஷ், பழைய பருத்தித் துணி. இவ்வளவு போதும். கல் சிலேட்டு கிடைக்காவிட்டால் மெருகேற்றாத கடப்பாக் கல் துண்டு ஒன்று. அதில் வெறும் தண்ணீரால் கோடு இழுத்தால் கறுப்பாகத் தெரியும், சற்று நேரத்தில் காய்ந்து மறையும். தண்ணீர் அதிகமான இடத்தில் துளி குண்டாக நிற்கும். குறைந்த இடத்தில் கோடு சொரசொரவென்று உடையும். பிள்ளை கண்ணாலேயே பார்த்துக்கொள்ளும், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். பிரஷ்ஷை முக்கி, கிண்ண விளிம்பில் ஓர் இழுப்பு, துணியில் ஒரு தொடுதல்: இது கைக்குப் பழகும்வரை தாளே வேண்டாம்.

அப்புறம் முருங்கைக் கொத்து ஒன்றைப் பறித்து வந்து முன்னால் வையுங்கள். காம்பை நுனிப் பிரஷ்ஷால் இழுக்கச் சொல்லுங்கள். இலைக்கு, நுனி தொட்டு, மெல்ல அழுத்தி, பிரஷ்ஷின் வயிறு படிந்ததும் எடுத்துவிட வேண்டும். ஓர் அழுத்தம், ஓர் இலை. திரும்பப் போய்த் தடவக் கூடாது. முருங்கை கைவந்ததும் புளி. அதே அழுத்தத்தைக் கொஞ்சம் நீட்டினால் புளி இலை வந்துவிடும். இரண்டையும் வரைகிற பிள்ளை ஒரு சங்கதியைத் தானே கண்டுபிடிக்கும்: முருங்கைக் கொத்தின் நுனியில் ஓர் இலை தனியாக நிற்கும், புளியங்கொத்து ஜோடியாகவே முடியும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். வேப்பிலைக்கு அவசரம் வேண்டாம். வளைவும் ரம்பப்பல் விளிம்பும் சின்னவனைப் படுத்தும்.

இனி சேறு விஷயம். வாட்டர் கலரைத் தாளில் பிடித்து வைப்பது கோந்து. தண்ணீர் பட்டால் அது மறுபடி கரையும். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் திரும்பத் தடவினால் கீழே இருக்கும் நிறமும் கிளம்பி வந்து கலங்கும், தாளும் பிய்யும். மற்றொரு காரணம், ஒரே கிண்ணத்தில் கழுவுவதும் எடுப்பதும். கிண்ணம் இரண்டாக இருக்கட்டும். டப்பாவில் பன்னிரண்டு கட்டி இருந்தாலும் லெமன் மஞ்சள், அல்ட்ராமரின் நீலம், கிரிம்சன் சிவப்பு மூன்றை மட்டும் வெளியே விடுங்கள். கடைப் பச்சை எந்த மரத்திலும் காய்ப்பதில்லை. மஞ்சளும் நீலமும் கலந்து, துளி சிவப்பு தொட்டால் பச்சையின் மினுக்கு அடங்கி நிஜ இலை போல ஆகும். அந்தத் துளி கூடினால் மறுபடி சேறுதான்!

கேள்வி: "படிக்கிற நேரத்தில் இது எதற்கு?" என்கிறார் என் மாமனார். என்ன பதில் சொல்ல?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாவரப் பாடத்தோடு சேர்த்துவிடுங்கள், பெரியவர் அடங்கிவிடுவார். 19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் நம் செடிகொடிகளை ஆராய்ந்தார். அவருக்காகச் செடிகளை வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள். அந்த ஓவியங்கள் இன்றும் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் பத்திரமாக இருக்கின்றன. கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே வைத்தார் வைட். இங்கிலாந்தில் குழந்தைகளுக்குப் படக்கதைகள் எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் என்ற அம்மையார் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே ஆசிரியைகளிடம் படித்தவர். காளான்களை நூற்றுக்கணக்கில் வாட்டர் கலரில் வரைந்து வைத்தார். செடியை வரைய வேண்டுமானால் முதலில் அதைப் பார்க்க வேண்டும் இல்லையா? அதுவும் படிப்புதான் என்று மாமனாரிடம் சொல்லுங்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: பென்சிலில் அவுட்லைன் போடாமல் பிரஷ்ஷையே தொட மாட்டேன் என்கிறான் மகன். ரப்பர் வேறு கேட்கிறான்.
– வாசகர், விருதுநகர்

பதில்: வாசலில் கோலம் போடுகிறவர்கள் ரப்பரோடா உட்காருகிறார்கள்? பென்சில் கோடு இருந்தால் பிள்ளை இலையைப் பார்க்காது, கோட்டைத் தாண்டாமல் நிரப்புவதிலேயே குறியாக இருக்கும். கலரிங் புத்தகம் செய்கிற கெடுதலும் அதுதான். ரப்பர் தாளின் மேற்பரப்பையும் உரித்துவிடும். அந்த இடத்தில் நிறம் திட்டாக இறங்கும். வீடு, சைக்கிள், குத்துவிளக்கு மாதிரி அளவு தப்பக் கூடாத பொருளுக்கு வேண்டுமானால் லேசாகப் பென்சில் போடட்டும். இலைக்கும் மீனுக்கும் வேண்டாம்.

கேள்வி: எந்தத் தாள், எந்த பிரஷ் வாங்குவது? செலவு கட்டுப்படியாகுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தாளில் கஞ்சம் பிடிக்காதீர்கள், பிரஷ்ஷில் பிடிக்கலாம். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் ஒன்றை வாங்கி போஸ்ட் கார்டு அளவில் வெட்டிக்கொண்டால் பல நாள் வரும். சாதாரண டிராயிங் ஷீட் தண்ணீர் பட்டதும் நெளிந்து, குழியில் நிறம் தேங்கும். பிரஷ் செட்டெல்லாம் வேண்டாம். சிந்தெட்டிக் ரவுண்டில் நல்லதாக ஒன்று போதும். நனைத்து உதறினால் நுனி கூராகக் கூட வேண்டும், அதைக் கடையிலேயே தண்ணீர் கேட்டுச் சோதித்து வாங்குங்கள். தண்ணீரில் நட்டு வைத்தால் நுனி வளைந்துவிடும், எனவே கழுவி, விரலால் கூர் பிடித்துப் படுக்க வையுங்கள். நுனியைக் கூராக்கப் பிள்ளைகள் வாயில் வைத்துச் சப்புவார்கள், சில நிறங்களில் விஷச் சரக்கு உண்டு, கண்டிப்பாகத் தடுங்கள். உங்கள் ஊரில் மழைக்கு இரண்டு பருவம். ஈரத்தோடு மூடி வைத்த கலர் கட்டியில் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த பிறகே டப்பாவை மூடுங்கள்.