ஆர்வம் நாலைந்து இருக்கிறது, கல்லூரியில் எந்த மேஜர் எடுப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இயற்பியல் பிடிக்கும், வரலாறு பிடிக்கும், கோடிங் கொஞ்சம் வரும், படம் வரைவேன், வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் என்கிறார்கள், ஒன்றை எடுத்தால் மற்றதெல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். 2009-இல் நான் ப்ளஸ் டூ முடித்தபோது என் பட்டியலில் தாவரவியல், தமிழ், கம்ப்யூட்டர், வயலின் என்று நாலு இருந்தன.

மதிப்பெண் வந்த அன்று மாமா வீட்டுக்கு வந்து, "ஈ.சி.ஈ. கெடச்சா எடுக்கச் சொல்லுங்க மச்சான், இல்லன்னா ஐ.டி." என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் எங்கள் தாவரவியல் டீச்சரைப் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாலையும் சொல்லி, எது எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றே தெரியவில்லை டீச்சர் என்றேன். "அதை இன்னிக்குக் கேட்டா ஒண்ணு சொல்லுவ, அடுத்த வாரம் கேட்டா வேற சொல்லுவ. இதுல எதையெல்லாம் காலேஜ் இல்லாமயே கத்துக்கலாம்னு யோசி. மிச்சம் எது நிக்குதோ அதை எடு" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். தமிழ் படிக்க ஊர் நூலகம் இருந்தது. கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பழகிக்கொள்ளலாம். செடியை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கவும், மலையில் கூட வந்து இது என்ன குடும்பம் என்று சொல்லித் தரவும் ஆள் வேண்டும், ஆய்வகம் வேண்டும். பி.எஸ்சி. தாவரவியல் சேர்ந்தேன்.

உங்கள் நாலையும் இதே கேள்வியில் வைத்துப் பாருங்கள். கோடிங்குக்குக் கல்லூரி வாசல் தேவையில்லாத காலம் இது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பை, ப்ளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவரும் தகுதிச் சுற்று எழுதி, வேறொரு பட்டப்படிப்பில் இருந்துகொண்டே படிக்கலாம். பாதியில் போதும் என்று தோன்றினால் முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமாவோ வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் (யு.ஜி.சி.) அனுமதி கொடுத்துவிட்டது.

வரலாறு பொறுமையாகக் காத்திருக்கும். தொலைதூரக் கல்வி தரும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) எம்.ஏ. வரலாறு சேர ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். இயற்பியல் அப்படி இல்லை. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு எம்.எஸ்சி. இயற்பியல் என்று போய் நின்றால் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். எந்தக் கதவு பிறகும் திறந்திருக்கும், எது இப்போது விட்டால் மூடிவிடும் என்று தாளில் எழுதிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, குரூப் 1, குரூப் 2, சிவில் சர்வீஸ் எல்லாம் எந்தப் பட்டம் என்று பார்ப்பதில்லை என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐராவதம் மகாதேவனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்-பிராமியில் உள்ள கல்வெட்டுகள் என்றாலே அவர் பெயர்தான் முதலில் வரும். அவர் கல்லூரியில் படித்தது வேதியியல், அப்புறம் சட்டம். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டேதான் குகைக் குகையாக ஏறிக் கல்வெட்டுகளைப் படித்தார். சிந்துவெளி எழுத்துகளுக்குக் கணினியின் உதவியோடு அவர் தொகுத்த அட்டவணை 1977-இல் வந்தது. அந்தக் காலத்தில் எழுத்தாய்வுக்குக் கணினியைப் பயன்படுத்தலாம் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்! மேஜராக எடுக்காத ஆர்வம் செத்துப்போகாது என்பதற்கு இவரைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. ஒரு துறை பிடிப்பது வேறு, அந்தத் துறையின் அன்றாட வேலை பிடிப்பது வேறு. எனக்கு இது புரிந்தது இரண்டாம் ஆண்டு ப்ராக்டிகலில். அன்று பவழமல்லித் தண்டு கொடுத்தார்கள். அது உருண்டையாக இருக்காது, நாலு பட்டையாக இருக்கும். புது பிளேடைத் தண்ணீரில் நனைத்து, தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, சீவிக்கொண்டே இருக்க வேண்டும். ஐம்பது அறுபது துண்டு சீவினால் ஒன்றிரண்டுதான் கண்ணாடி மாதிரி மெல்லிசாக வரும். அதை வாட்ச் கிளாஸில் போட்டு, சாஃப்ரனின் சாயம் ஏற்றி, கழுவி, ஸ்லைடில் வைக்க வேண்டும். முதல் மூன்று ஸ்லைடும் தடிமன். நாலாவதில் நாலு மூலையிலும் சிவப்பாக ஒவ்வொரு பொட்டு தெரிந்தது. நடுவில் இருக்கும் வளையம் தவிர, மூலைக்கு ஒரு சாற்றுக்குழாய்க் கற்றை, அதுவும் தலைகீழாக! எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆய்வக அண்ணன் வந்து ஃபேனை நிறுத்தும்வரை சீவிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கு என்னைவிடச் செடி பிடிக்கும். வீட்டு மாடி முழுக்கத் தொட்டி வைத்திருந்தாள். ஆனால் பிளேடைக் கையில் எடுத்தாலே அவளுக்கு எரிச்சல் வரும், ரெக்கார்டு நோட்டில் படம் போட உட்கார்ந்தால் அழுகை வரும். மூன்று வருஷம் கஷ்டப்பட்டாள். அவளுக்குப் பிடித்தது செடி வளர்ப்பது. தோட்டக்கலைப் பக்கம் போயிருந்தால் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருப்பாள் என்று இன்றும் நினைப்பேன்.

அதனால் சேர்வதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டு கல்லூரிகளுக்குப் போய், இயற்பியல் துறையில் மூன்றாமாண்டு மாணவர் யாரையாவது பிடித்து அவருடைய ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பாருங்கள். ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தை வைத்து வெர்னியர் அளவைத் திரும்பத் திரும்பக் குறித்து எழுதியிருப்பார். அந்த வேலையைச் செய்ய ஆசை வருகிறதா, இல்லை கருந்துளை பற்றிய வீடியோ பார்ப்பதுதான் பிடிக்கிறதா? பின்னதுதான் என்றாலும் தப்பே இல்லை, அதற்கு மூன்று வருஷம் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான். ஆய்வகம் நிஜமாகத் திறக்கிறார்களா, நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். மேஜரின் பெயரைவிட இது முக்கியம் என்பது என் எண்ணம்.

ஓவியம் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கையாலும் குரலாலும் செய்கிற கலைகள் வரலாற்றைப் போலக் காத்திருக்காது. எட்டு வருஷம் வயலின் கற்றேன். விடுதியில் வாசிக்க இடமில்லை, பக்கத்தில் குருவும் இல்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் நின்றது நின்றதுதான். முப்பது வயதுக்கு மேல் வில்லை எடுத்தபோது விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்குள் இன்னும் இருக்கிறது. ஓவியம்தான் பிழைப்பாக வேண்டும் என்ற அளவுக்கு ஆசை இருந்தால், 1850-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியைப் போய்ப் பாருங்கள். அந்த அளவுக்கு இல்லையென்றால், எந்த ஊரில் படித்தாலும் தினமும் அரை மணி நேரம் வரைய இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுதியைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டில் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். படித்து முடித்த உடனே சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், கோடிங்கும் வருகிறது என்றால், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பது நல்ல முடிவுதான். ஆனால் அதில் இயற்பியல் முதலாமாண்டோடு முடிந்துவிடும் என்று தெரிந்தே எடுங்கள். அவ்வளவு நெருக்கடி இல்லையென்றால், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்கும்போது நான் பி.எஸ்சி. இயற்பியல் என்பேன். அலைடு என்கிற துணைப் பாடத்தில் கணிதம் வரும், கோடிங்கைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். அரசுக் கல்லூரியில் கிடைத்தால் அப்பாவுக்குச் செலவும் குறைவு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அதையும் வீட்டில் சொல்லுங்கள்.

நான் இப்போது செடிகளைக் கணக்கெடுக்கும் வேலையில் இருக்கிறேன். பகலில் காட்டில் சேகரித்து, சாயங்காலம் காகிதத்தில் அழுத்திவைத்து, ராத்திரி அந்தத் தரவை நானே எழுதிய சின்ன ப்ரோக்ராமில் ஏற்றுகிறேன். ஊர்ப் பாட்டிமார் சொல்லும் செடிப் பெயர்களைத் தனி நோட்டில் எழுதுகிறேன். ஒரே செடிக்கு மூன்று ஊரில் மூன்று பெயர் இருக்கும். தமிழ் ஆர்வம் எல்லாம் அந்த நோட்டுக்குள்தான் போகிறது.

ரெக்கார்டு நோட்டைப் பார்த்துவிட்டு வந்து என்ன தோன்றியது என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த தோழி ஒருத்தி இருக்கிறாள், உங்கள் கேள்விகளை அவளிடம் கேட்டுச் சொல்கிறேன்.