கல்யாணப் பந்தியில் வீகன் இலைக்குத் தனி ரேட்டா?

முகூர்த்த சீசன் நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியவை. ஒன்றுக்கொன்று தொடர்பானவற்றைச் சேர்த்துத் தருகிறேன்.

கேள்வி: மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பைபாஸ் ரோட்டுப் பக்கம் மண்டபம் பிடித்திருக்கிறோம். பெங்களூரிலிருந்து அவளுடைய ஆபீஸ் நண்பர்கள் வருகிறார்கள். அதில் பதினைந்து பேர் வீகனாம். பால், தயிர், நெய், தேன் எதையும் தொடமாட்டார்களாம். சமையல் காண்ட்ராக்டரிடம் சொன்னால், "அதுக்குத் தனி அடுப்பு, தனி ஆள் போடணும். சாதா இலை 240 ரூபாய்னா அந்த இலை 360 ரூபாய்" என்கிறார். என் வீட்டுக்காரரோ, "இருக்கிறதைச் சாப்பிடட்டும், இதுக்கெல்லாம் எதுக்கு மெனக்கெடணும்" என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, திருநகர்

பதில்: சட்டம் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான். விருந்து கொடுப்பவர் இன்னாருக்கு இன்ன சாப்பாடு போட்டே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் சஷ்டி விரதம் இருக்கும் அத்தைக்கு வெங்காயம், பூண்டு சேர்க்காமல் தனியாக எடுத்து வைக்கிறோம். சர்க்கரை உள்ள பெரியப்பாவுக்குச் சீனியில்லாத காபி போகிறதா என்று பார்க்கிறோம். வெளியூரிலிருந்து ரயிலேறி வரும் பிள்ளைகளுக்கும் அதைச் செய்துவிட்டுப் போகலாமே. மெனக்கெடல் என்று பார்த்தால், காண்ட்ராக்டர் சொல்லும் அளவுக்கு இதில் ஒன்றுமே இல்லை.

360 ரூபாய் வேண்டாம். அவர் கொடுத்த மெனுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஐட்டமாக, "இதில் பால், தயிர், நெய் எங்கே வருகிறது?" என்று கேளுங்கள். மதியச் சாப்பாட்டில் பொரியல், கூட்டு, உளுந்த வடை, அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பு எல்லாமே எண்ணெயும் தேங்காயும்தான். சாம்பாரும் ரசமும் அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் கடைசியில் வாசனைக்காக நெய்யில் தாளித்துக் கொட்டுவது பல மாஸ்டர்களுக்குக் கைப்பழக்கம். அதை எண்ணெய்த் தாளிப்பாக மாற்றச் சொன்னால் எல்லாருக்கும் ஒரே அண்டா ரசம் போதும். பதினைந்து பேருக்கென்று தனி அடுப்பு எதற்கு? அவியலில் தயிர் சேரும், மோர்க்குழம்பையும் தயிர்ப்பச்சடியையும் சொல்லவே வேண்டாம். அவற்றை அந்த இலைகளில் விட்டுவிட்டு இன்னொரு கரண்டி பொரியல் வைத்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

இனிப்பில்தான் கொஞ்சம் யோசிக்கவேண்டும். பாசிப்பருப்புப் பாயாசத்தை வெல்லமும் தேங்காய்ப்பாலும் விட்டு எல்லாருக்கும் ஒரே பாயாசமாகச் செய்யச் சொல்லுங்கள். முந்திரியைத் தேங்காய் எண்ணெயில் வறுத்துக் கொட்டினால் போதும், இன்னும் மணமாக இருக்கும். தேங்காய் விற்கிற விலையில் இதற்குக் கொஞ்சம் கூடக் கேட்டால் அது நியாயம், கொடுங்கள். இலையில் வைக்கும் இனிப்புக்கு மைசூர்பாகுக்குப் பதில் முதலூர் மஸ்கோத் அல்வா வாங்கலாம். அதைத் தேங்காய்ப்பாலில்தான் கிண்டுவார்கள், நெய் கிடையாது. சாத்தூர்ப் பக்கத்துக் கருப்பட்டி மிட்டாய் எண்ணெயில் பொரிப்பது, அதுவும் ஆகும். தாம்பூலப் பையில் போடக் கோவில்பட்டி கடலை மிட்டாய் இருக்கிறது. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கடலையும் வெல்லமும்தான் அதில் முக்கியம்.

காலை டிபனில் வெண்பொங்கலும் கேசரியும் நெய். இட்லி, வடை, சாம்பார், சட்னி சரி. சட்னியில் தயிர் கலக்காமல் இருந்தால். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் வையுங்கள். காபிக்குப் பதில் சுக்குமல்லிக் காபி ஒரு பிளாஸ்கில் இருக்கட்டும். ராத்திரி ரிசப்ஷன்தான் உண்மையில் தலைவலி பிடித்தது. வெஜ் பிரியாணியில் தயிரும் நெய்யும் சேரும், பன்னீர் இல்லாத கிரேவி கிடைப்பது அபூர்வம், பரோட்டா மாவில் பாலோ முட்டையோ சேர்ப்பவர்களும் உண்டு. அங்கே தோசைக் கவுண்டர் போட்டால் ஒரு கல்லை எண்ணெய்க்கு மட்டும் ஒதுக்கச் சொல்லுங்கள். கூடவே இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்துவிட்டால் முடிந்தது.

இவ்வளவும் செய்து கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பந்தியில் பருப்பு விழுந்த அடுத்த நொடி நெய்க் கிண்ணியோடு ஒருவர் வருவார். இலையில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து "வேண்டாம்" என்று கையை நீட்டுவதற்குள் இரண்டு இலை தாண்டிப் போயிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, இருநூறு இலைக்கு ஊற்றவேண்டும் அவருக்கு. அதனால் இந்தப் பதினைந்து பேரையும் ஒரே பந்தியில், ஒரே வரிசையின் கடைசியில் உட்காரவையுங்கள். நெய்யும் மோரும் அந்த வரிசைக்கு வரக்கூடாது என்று பரிமாறுபவர்களில் ஒருவரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் நிற்க மாப்பிள்ளை வீட்டிலிருந்தோ உங்கள் வீட்டிலிருந்தோ ஒரு பையன் போதும்.

பேசியதையெல்லாம் ஆர்டர் தாளில் எழுதி வாங்குங்கள். "வீகன் 15 இலை" என்று மட்டும் எழுதினால் போதாது. "ரசம், சாம்பார் எண்ணெய்த் தாளிப்பு, பாயாசம் தேங்காய்ப்பால், 15 இலைக்கு நெய், தயிர், மோர் கிடையாது" என்று இருக்கட்டும். பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 ஜனவரி முதல் அது கட்டாயம்.

கேள்வி: நான் இரண்டு வருஷமாக வீகன். போன மாதம் உசிலம்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. கறி விருந்து என்பது தெரியும், சைவப் பந்தி தனியாக இருக்கும் என்று நம்பிப் போனேன். அங்கே சாம்பார், ரசம், தயிர், பால் பாயாசம். "எதில் நெய் இருக்கிறது?" என்று கேட்டதற்கு, "வீட்டுக்கு வந்துட்டு விசாரணையா பண்ற" என்று மாமா கோபித்துக்கொண்டார். பணம் வாங்கிக்கொண்டு சமைத்தவர்தானே, அவரிடம் கேட்க எனக்கு உரிமை இல்லையா?
— வாசகர், செக்கானூரணி

பதில்: தம்பி, சமையல்காரருக்குப் பணம் கொடுத்தவர் உங்கள் மாமா. நீங்கள் எழுதி வந்த மொய் சாப்பாட்டின் விலை ஆகாது. நீங்கள் விருந்தாளி, அவ்வளவுதான். என்ன இருக்கிறது என்று தன்மையாகக் கேட்கலாம், அதற்கு மேல் உரிமை பேச இடமில்லை.

மாமா பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் கொண்டு வீட்டுக்கு வந்தாரே, அதுதான் சொல்லவேண்டிய நேரம். "மாமா, நான் பால் தயிர்கூடச் சேர்க்கிறதில்லை. எனக்குச் சோறும் வத்தக்குழம்பும் ஒரு பொரியலும் இருந்தால் போதும்" என்று அன்றைக்கே அத்தை காதில் போட்டிருந்தால் (மாமா காதைவிட அத்தை காது உத்தமம்) உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். நாற்பது கிலோ கறி அடுப்பில் கொதிக்கும்போது போய் நெய்க் கணக்குக் கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குடும்பமாகப் போகிறவர்கள் என்றால், இன்னார் இத்தனை பேர் என்று எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு வயது, பால் ஒவ்வாமை உண்டு. அவன் பிறந்தநாளுக்கு ஊரில் ஒரு ஹோட்டலில் ஹால் எடுத்தோம். "குழந்தைகள் மேஜைக்கு முழுக்க வீகன் சாப்பாடு, பால் பொருள் எதுவும் கலக்காது" என்று மேனேஜர் வாட்ஸ்அப்பில் எழுதி, அதற்கென்று கூடுதலாகவும் வாங்கினார். அன்றைக்கு வந்த நூடுல்ஸில் வெண்ணெய். மகனுக்கு உடம்பெல்லாம் தடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஹோட்டலில் "ஸாரி" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். என்ன செய்யலாம்?
— வாசகி, கே.கே.நகர்

பதில்: பையன் இப்போது நன்றாக இருப்பான் என்று நம்புகிறேன். மேலே இருக்கும் இரண்டு கேள்விகளையும் இதையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது. இங்கே நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள், அவர்கள் எழுத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதைச் சேவைக் குறைபாடு என்று சொல்லி நீங்கள் வழக்குப் போடலாம்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். பில், அட்வான்ஸ் ரசீது, டாக்டர் சீட்டு, மருந்துக் கடைப் பில், அன்று எடுத்த போட்டோக்கள் எல்லாம் ஒரு பைலில் சேரட்டும். முதலில் நடந்ததை எழுதி, கட்டிய பணத்தையும் மருத்துவச் செலவையும் கேட்டு ஹோட்டலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். வழக்கு என்று போகாமலே பலருக்கு அங்கே பணம் திரும்பியிருக்கிறது. மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் ஒரு மனு கொடுங்கள்.

இதிலெல்லாம் அசையவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

ஒன்று மட்டும் எல்லாப் பெற்றோருக்கும். விருந்து கொடுப்பவரிடமோ ஹோட்டலிலோ "வீகன்" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். "பால் ஒவ்வாமை, பட்டாலே ஆபத்து" என்று சொல்லுங்கள். வீகன் என்றால் கொள்கை என்று நினைத்து, பன்னீர் கிளறிய கரண்டியை அப்படியே சாதத்தில் போடுவார்கள். ஒவ்வாமை என்றால் கரண்டி, சட்டி, எண்ணெய் வரைக்கும் கவனிக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். என்னைக் கேட்டால், அந்த வயதுப் பிள்ளைக்கு வீட்டிலிருந்தே ஒரு டப்பா கொண்டுபோவதுதான் நிம்மதி. ஹால் புக் செய்யும்போதே அதற்கு எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். "வெளி உணவுக்கு அனுமதி இல்லை" என்று போர்டு மாட்டும் இடங்கள் அதிகம். சினிமா தியேட்டர்கள் அப்படித் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் கைக்குழந்தைக்குத் தேவையான உணவைத் தடுக்கக்கூடாது, குடிநீர் இலவசமாகத் தரவேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

கேள்வி: வீகன் விருந்தாளிகளுக்காக மளிகை வாங்கும்போது பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்கினால் போதாதா?
— வாசகர், மேலூர்

பதில்: போதாது. பச்சைப் புள்ளி சைவத்துக்கு. பாலும் தேனும் அதில் அடக்கம். வீகனுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனிச் சின்னம் வைத்திருக்கிறது. பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்தும் மேலே சிறு செடியும் இருக்கும். விதிமுறை வந்தது 2022இல். சின்னம் இல்லாத பாக்கெட்டைத் திருப்பி, உட்பொருள் பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமைக்காகத் தனியாகப் போட்டிருக்கும் வரியைப் படியுங்கள். பால் இருந்தால் அங்கே சொல்லியே ஆகவேண்டும். 'நான்-டெய்ரி' என்று பெயர் போட்ட காபி கிரீமர்களில்கூடப் பாலிலிருந்து எடுக்கும் கேசினேட் இருப்பதுண்டு. சோயாவில் செய்ததைப் 'பால்' என்று போடக்கூடாது என்பது ஆணையத்தின் விதி, அதனால் கடையில் 'சோயா பானம்' என்றுதான் தேடவேண்டும்.

கேள்வி: ரிசப்ஷனுக்கு ஜிகர்தண்டா ஸ்டால் போடுகிறோம். மதுரைக்கு வந்துவிட்டு ஜிகர்தண்டா குடிக்காமல் போவார்களே என்று வீகன் நண்பர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. தேங்காய்ப்பாலில் போடச் சொல்லலாமா?
— வாசகி, அண்ணா நகர்

பதில்: போடலாம், ஆனால் அது ஜிகர்தண்டாவாக இருக்காது. பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் செடி கொடியிலிருந்து வருபவைதான். சுண்டக் காய்ச்சிய பாலும் ஐஸ்கிரீமும் இல்லாவிட்டால் அதில் மிச்சமிருப்பது சர்பத். அதற்குப் பதில் பக்கத்திலேயே ஒரு பருத்திப்பால் அண்டா வையுங்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பால், அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய், மேலே தேங்காய்த் துருவல். மாடு சம்பந்தப்படாத சரக்கு, இதுவும் அசல் மதுரை. ருசிக்காகப் பசும்பால் கொஞ்சம் சேர்ப்பவர்களும் இருக்கலாம், அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ஜிகர்தண்டா கரண்டி அந்த அண்டாவுக்குள் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு என்று அளவு சொல்லும்போது வீகன் ஆட்களை மட்டும் எண்ணாதீர்கள். சூடாக ஆவி பறந்தால் மற்றவர்களும் அந்த அண்டா பக்கம் வந்துவிடுவார்கள்.