ஷாஹீன் யாருடைய சொல்?

கேள்வி: 'ஷாஹீன்' என்ற வல்லூற்றின் பெயர் அரபுச் சொல்தானே? இலங்கை வல்லூற்றுக்கு அதைச் சூட்டியவர்கள் வெள்ளையர்கள்தானே?

பதில்: இரண்டும் பிழை. ஷாஹீன் பாரசீகச் சொல். அரசனைக் குறிக்கும் 'ஷா'வோடு 'ஈன்' விகுதி சேர்ந்து 'அரசனுக்கு உரியது' என்று பொருள்பட்டது என்பதே பரவலாகக் கொள்ளப்படும் விளக்கம். நிறத்தைக் குறிக்கும் 'ரங்', 'ரங்கீன்' ஆனதும் இவ்வாறே. அரபியர் இச்சொல்லைக் கடன் வாங்கி, 'ஷவாஹீன்' என்று தங்கள் இலக்கணப்படி பன்மையும் ஆக்கிக்கொண்டதால் அது அரபு போலத் தோன்றுகிறது. ஆனால் அரபுப் படைகள் பாரசீகத்துக்குள் நுழைவதற்கு முன்பே, 615ஆம் ஆண்டில், கான்ஸ்டான்டிநோபிளின் எதிர்க்கரையிலிருந்த கால்சிடன் வரை படை நடத்திச் சென்ற, பாரசீகத்தை ஆண்ட சாசானிய அரசின் தளபதியின் பெயரே ஷாஹீன்தான்.

பருந்தைக் குறிக்கும் சமஸ்கிருத 'சியேன'த்திலிருந்து வந்ததோ என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிட வேண்டாம். நம் அகராதிகளில் 'சேனம்' என நிற்கும் அச்சொல்லுக்கு ஐயமற்ற உறவு, பழைய ஈரானியரின் மறைநூலான அவெஸ்தாவின் 'சயேன'. பாரசீகக் காவியங்களின் மாயப்பறவையான 'சீமுர்க்' அந்தக் கிளையில் வந்தது.

வேட்டைப்பறவை பழக்கும் கலையோடு பயணப்பட்ட சொல், போன இடமெல்லாம் அதே பறவையைக் குறிக்கவில்லை. துருக்கியில் இன்று 'ஷாஹின்' என்றால் எலி பிடித்துண்ணும் அகன்ற சிறகுப் பறவை. அரச வல்லூறுக்கு இப்படி ஒரு பதவி இறக்கம்! பாரசீகத்திலேயே தராசு முள்ளுக்கும் இப்பெயர் உண்டு.

இந்தியாவில், பாரசீகம் அரசவை மொழியாக இருந்த காலத்தில், வேட்டைப்பறவை பழக்குவோரின் வாயில் நிலைத்த பெயரையே ஆங்கிலேயர் தம் பறவை நூல்களில் எழுதிக்கொண்டார்கள். இலங்கைக்கும் சுமத்திராவுக்கும் இடையே கப்பலொன்றில் பிடிபட்ட பறவையைக் கொண்டு 1837இல் இவ்வினத்தை விவரித்த சுவீடன் அறிஞர் சுண்டெவால் இட்ட அறிவியல் பெயரோ 'பெரெக்ரினேட்டர்'.

உருதுக் கவிதையில் இச்சொல்லுக்கு மறுவாழ்வு தந்தவர் இக்பால். 1935இல் வெளியான 'பாலே ஜிப்ரீல்' தொகுப்பில், ஷாஹீன் கூடு கட்டுவதில்லை என்கிறார். கவிஞர் வாக்கு என்று தள்ளிவிட முடியாது; வல்லூறுகள் உண்மையிலேயே கூடு கட்டுவதில்லை. இலங்கையின் சிகிரியாப் பாறையில் வாழும் ஷாஹீனும் வெறும் பாறை விளிம்பில்தான் முட்டையிடுகிறது.