கை உதறுகிறது, சத்தம் வருகிறது: ரீல்ஸ் பார்த்ததாலா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். பத்தாவது படிக்கும் என் மகளுக்கு மூன்று வாரமாக வலது கை வெடுக்கென்று உதறுகிறது, நடுவில் ‘ஹக்’ என்று சத்தம் வேறு. வகுப்பில் இன்னும் இரண்டு பேருக்கும் இப்படியாம். அவள் விடாமல் பார்க்கும் ரீல்ஸில் ஒரு பெண்ணும் இதையேதான் செய்கிறாள். நடிக்கிறாளா? மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

பதில்: நடிக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டால் நமக்கும் வருகிறதே, அது நடிப்பா? மனஅழுத்தத்தில் இருக்கும் மூளை, திரும்பத் திரும்பப் பார்த்த அசைவைத் தன்னையறியாமல் பழகிக்கொள்கிறது. ஜெர்மனியில் டூரெட் (தன்னையறியாமல் உடல் உதறி, சத்தம் வரும் நரம்புக் கோளாறு) உள்ள ஒருவரின் யூடியூப் சேனல் 2019இல் தொடங்கியது. பிறகு ஹனோவர் மருத்துவமனைக்கு வந்த இளைஞர்கள் பலர் அவர் சொல்லும் ‘பறக்கும் சுறாக்கள்’ என்ற சொல்லையே தாங்களும் கத்தினார்கள். உண்மையான டூரெட் பெரும்பாலும் ஐந்தாறு வயதில், கண் சிமிட்டலாக மெல்லத் தொடங்கும், ஆண்பிள்ளைகளுக்கே அதிகம். பதினைந்து வயதில் திடீரென்று கையில் தொடங்குவது பெரும்பாலும் வேறு வகை.

ஆனாலும் நீங்களே முடிவுகட்ட வேண்டாம். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். கையெழுத்து கோணலாகிறதா, டம்ளர் நழுவுகிறதா, சில மாதங்களுக்குள் தொண்டைவலியோ மூட்டுவீக்கமோ வந்ததா என்று சொல்லுங்கள். வாதக்காய்ச்சலுக்குப் பின் வரும் நடுக்கமாகவும் இருக்கலாம். வாந்திக்கு மாத்திரை போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நினைவு தப்பினாலோ நாக்கைக் கடித்துக்கொண்டாலோ அன்றே போக வேண்டும்.

வீட்டில்தான் பலரும் சொதப்புகிறோம். ‘இன்னைக்கு எத்தனை தடவை வந்துச்சு?’ என்று கேட்கக் கேட்கக் கூடும். உதறல் வரும்போது பார்க்காமல் பேச்சைத் தொடருங்கள். வீடியோ எடுத்துச் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. போனைப் பிடுங்கினால் பதற்றம்தான் ஏறும்; அவளோடு உட்கார்ந்து அந்தக் கணக்கை அன்ஃபாலோ செய்து, அதுபோன்ற ரீல்ஸ் வரும்போதெல்லாம் ‘ஆர்வமில்லை’ அழுத்துங்கள். உதறல் வரப்போவது தெரிந்தால் முழங்கையை விலாவோடு ஒட்டி, மெதுவாக மூச்சு விட்டபடி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

டூரெட் மாத்திரைகள் இதற்குப் பெரும்பாலும் வேலை செய்யாது. பரீட்சைப் பயமா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று தனியாக, அவசரப்படாமல் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

குணசீலம் போய்க் கும்பிட்டு வாருங்கள், தவறில்லை. ஆனால் 48 நாள் தங்கவைத்தால் பள்ளி போய்விடும். பள்ளிக்குப் போவதே பாதி வைத்தியம். மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம் என்று வகுப்பாசிரியரிடம் மட்டும் சொல்லிவையுங்கள்.