1928இல் மேட்டூர் ஏது?

அன்புள்ள ஐயா,

நான் திருவாரூர் பக்கம். எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். அப்பா பி.எட். சேரச் சொல்கிறார். எனக்கு எடிட்டிங், பதிப்புத் துறையில் முதுநிலை டிப்ளமோ படிக்க ஆசை. இப்போது வரும் புத்தகங்களில் பிழை மலிந்துவிட்டது. எழுத்தாளர்களுக்கே ஒற்று போடத் தெரியவில்லை. உங்கள் சிறுகதைத் தொகுப்பில் நான் திருத்திய இடங்களைப் பட்டியலாக இணைத்திருக்கிறேன். இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா? டெல்டாவில் இதற்கெல்லாம் வழியில்லை, சென்னைக்குத்தான் போக வேண்டுமா? ஏஐ வந்த பிறகு எடிட்டருக்கு மதிப்பு இருக்குமா?

ம.

அன்புள்ள ம.,

பொறுமையாக உட்கார்ந்து பட்டியல் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பொறுமைக்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதால் திட்டலாம் என்று நினைக்கிறேன்.

கதையில் வரும் கிழவி 'நாத்தங்கால்ல தண்ணி நிக்கிது' என்கிறாள். அதை 'நாற்றங்காலில் தண்ணீர் நிற்கிறது' என்று மாற்றியிருக்கிறீர்கள். ஏம்மா, நீங்கள் திருவாரூர்க்காரர்தானே? உங்கள் ஊரில் எந்தக் கிழவி அப்படிப் பேசுகிறாள்? களை பிடுங்குகிறேன் என்று இறங்கி, பயிரையும் சேர்த்துப் பிடுங்கி வரப்பில் போட்டிருக்கிறீர்கள். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, 'வேண்டுமென்றே எழுதியதா?' என்று கேட்டிருந்தால் போதும். பட்டியல் முழுக்கத் தேடிவிட்டேன், ஒரு கேள்விகூட இல்லை. எல்லாமே தீர்ப்பு.

நண்பர் ஒருவர் நாவல் எழுதினார். 1928இல் நடக்கிற கதை. அதில் ஒரு மிராசுதார் திண்ணையில் உட்கார்ந்து 'மேட்டூரை திறந்துட்டானா?' என்று கேட்கிறார். பிரதியைப் பார்த்த முதல் ஆள் 'மேட்டூரைத்' என்று ஒற்று சேர்த்தார். இரண்டாவது ஆள், பேச்சுமொழியில் ஒற்று வேண்டாம் என்று அதை எடுத்தார். அந்த 'த்' உள்ளே வந்ததும் வெளியே போனதுமாக மாதம் ஒன்று ஓடியது. கடைசியில் கும்பகோணத்தில் பக்கம் கட்டிக்கொடுத்த டிடிபி பெண் பென்சிலால் எழுதினார்: 'ஐயா, 1928இல் மேட்டூர் ஏது?'

மேட்டூர் அணை வேலை தொடங்கியது 1925இல், முடிந்தது 1934இல். நண்பருக்கு முதலில் கோபம் வந்தது. 'டைப் அடிக்கிற பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை' என்று என்னிடமே பொரிந்தார். அப்புறம் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினார். அணை இல்லையென்றால் திறப்பதற்குத் தேதி கிடையாது. குடகில் மழை பெய்ய வேண்டும், ஆறு தானாக வர வேண்டும். நாற்று விடலாமா, விட்டால் கருகிப் போகுமா என்று ஊரே ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நாவலில் உருப்படியான பகுதி அதுதான். அந்தப் பெண் நாவலில் ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

நான் இளவயதில் மாயவரத்தில் ஓர் அச்சகத்தில் கொஞ்ச காலம் புரூஃப் பார்த்தேன். டிரெடில் மெஷின், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதிக் கார்டு. அங்கே ஒரு பெரியவர் மேஜையில் எப்போதும் பாம்புப் பஞ்சாங்கத்தை வைத்திருப்பார். பத்திரிகை வந்தால் முதலில் பார்ப்பது எழுத்துப்பிழை அல்ல. தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, கிழமை, நட்சத்திரம் நான்கும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பார். ஒருமுறை ஆவணியில் ஒரு முகூர்த்தம், கிழமை இடித்தது. வியாழனை வெள்ளியாக்கிவிட வேண்டியதுதானே என்றேன். 'தேதி தப்பா, கிழமை தப்பான்னு உனக்குத் தெரியுமா? நீ மாத்தினா ஊர் மறுநாள் வந்து நிக்கும்' என்றார். பையனை சைக்கிளில் குத்தாலத்துக்கு அனுப்பினார், பெண் வீட்டில் கேட்டு வர. அதுவரை மெஷின் காத்திருந்தது. முதலாளி முணுமுணுத்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டெல்டாவில் வழியில்லை என்று எழுதியதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. தரங்கம்பாடியில் 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்தன, காகிதம் தின்றன. இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள், பொறையாறில் காகித ஆலை போட்டார்கள். புத்தகத் தயாரிப்புப் பாடத்தில் உங்களுக்குச் சொல்லித்தரப்போகும் காகிதக் கணக்கு அதுதான்.

கும்பகோணத்துக்கு வாருங்கள். 1880இல் கல்லூரி ஆசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், முன்சீஃபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். தான் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாகச் சொல்கிறார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்ததற்குப் பின்னால் அந்தக் கேள்வி இருக்கிறது. ஏட்டில் புள்ளி இருக்காது. கால் எது, ரகரம் எது என்று தெரியாது. உரை எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதே குழப்பம். இஷ்டத்துக்குத் திருத்த இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? அவரோ வெவ்வேறு ஏடுகளைத் தேடிப் போய் ஒப்பிட்டார், சமண நண்பர்களிடம் போய்ப் பொருள் கேட்டார், வேறுபடும் பாடங்களைக் குறித்துவைத்தார். 1907இல் இரண்டாம் பதிப்புக்கு மறுபடியும் உட்கார்ந்தார். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் உங்கள் ஊரிலிருந்து பஸ் தூரம்தானே. போய் ஓர் ஓலைச்சுவடியைக் கண்ணால் பாருங்கள்.

படிப்பைப் பற்றி அல்லவா கேட்டீர்கள். படியுங்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் எடிட்டிங், பதிப்பு இரண்டுக்குமாக டிப்ளமோ இருக்கிறது, கொல்கத்தாவில் தங்க வேண்டும். இக்னோவில் புத்தகப் பதிப்புக்குத் தொலைநிலை டிப்ளமோ உண்டு, இந்த ஆண்டு சேர்க்கை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காப்புரிமை, ஒப்பந்தம், அடக்கவிலை எல்லாம் ஒழுங்காகச் சொல்லித்தருவார்கள். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை வாரிசுக்கு என்பதுகூடத் தெரியாமல் இங்கே புத்தகம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாடம் பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகத்தை மனதில் வைத்துத்தான் இருக்கும். தமிழுக்கு நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும். க்ரியா பதிப்பகத்தை நடத்திய ராமகிருஷ்ணன் 2020இல் காலமானார். அவர் எடிட் செய்து வெளியிட்ட புத்தகங்களை எடுத்து, எழுத்தாளரிடம் அவர் என்னவெல்லாம் கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

வேலை, சம்பளம்: குறைச்சல்தான், தெரிந்தே இறங்குங்கள். ஏஐ ஒற்று போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்பா சொல்லும் பி.எட்.டைத் தூக்கி எறியவும் வேண்டாம். டிப்ளமோவுக்குத் தொலைநிலையில் சேர்ந்தால் இரண்டையும் சமாளிக்க முடியுமா என்று அவரிடமே கலந்து பேசுங்கள். பிள்ளையைப் பற்றிய பயத்தில் பேசுகிறவர், எதிரி அல்ல.

விண்ணப்பம் போடுவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் எந்தக் கோயிலுக்காவது கும்பாபிஷேக மலர் தயாராகிக்கொண்டிருக்கும். நிர்வாகியிடம் கேட்டு இரண்டு கட்டுரை வாங்குங்கள். பேனாவைத் தொடாதீர்கள், பென்சில் மட்டும். ஓரத்தில் கேள்விகளாக எழுதுங்கள். ராஜராஜன் கட்டியதாக எந்தக் கல்வெட்டு சொல்கிறது, தல புராணத்தில் இந்தக் கதை எங்கே வருகிறது என்று. எழுதியவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். பாதிப் பேர் காபி கொடுப்பார்கள், மீதிப் பேர் 'நீ யார் கேட்பதற்கு' என்பார்கள். இரண்டாவது வகை ஆளிடம் மறுநாளும் போக முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.