டிரெயின் போல்ட் அருகே ஆயில் கசிவு: வாஷரைச் சந்தேகிக்க வேண்டாம்

வணக்கம் நண்பரே. வண்டியில் ஆயில் மாற்றிய நாளிலிருந்து டிரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்க எஞ்சின் அடியில் இருக்கும் போல்ட்) அருகே கசிகிறது, இரண்டு முறை வாஷர் மாற்றியும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியதில் அலுமினியக் கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதிக் கூடு) விரிசல் விட்டிருக்கலாம். இது அடிக்கடி நடப்பதுதான்.

முதலில் உறுதி செய்யுங்கள். எஞ்சினின் அடிப்பகுதியை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலரவிட்டு, முகப் பவுடரைத் தூவுங்கள். வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டால் வெள்ளைப் பவுடரில் தலைமுடி போல ஒரு கருங்கோடு ஊறி வரும். அதுதான் விரிசல். கசிவு மேலிருந்து வழிகிறதா என்றும் பாருங்கள். காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளி ஏமாற்றிவிடும்.

எபாக்ஸி பசை தற்காலிகத்துக்கு மட்டுமே. போல்ட் இறுகும் இடம் என்பதால் மீண்டும் பிளக்கும். எஞ்சினைப் பிரித்து ஆர்கான் வெல்டிங் (ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் செய்யும் பற்றவைப்பு) வைப்பதே சரி. அதற்கு முன் விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கோடு நீண்டுகொண்டே போகும். வெல்டிங்குக்குப் பிறகு மரையையும் வாஷர் உட்காரும் பரப்பையும் சரிபார்க்க வேண்டும்.

அதுவரை தினமும் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்த ஆயிலில் தயவுசெய்து ஓட்டாதீர்கள், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.