ரோசா பார்க்ஸ் தனியாக இல்லை

அன்புள்ள ஐயா,

நாங்கள் டல்லாஸில் வசிக்கிறோம். நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் அமெரிக்க வரலாற்றை வாழ்க்கை வரலாற்று நூல்கள் வழியாகவே படிக்கிறாள். லிங்கன், ஹாரியட் டப்மன், ரோசா பார்க்ஸ் எல்லாம் முடித்துவிட்டாள். சவுக்கடி, கும்பல் கொலை வரும் பக்கங்களை நான் ஒதுக்கிவிடுகிறேன். அவள் வயதுக்கேற்ற நூல்களின் பட்டியல் ஒன்று தர முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளையின் வாசிப்புக்காக இவ்வளவு மெனக்கெடும் தாயின் கடிதம் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. பட்டியலை உங்கள் ஊர்ப் பொதுநூலகத்தின் குழந்தைகள் பிரிவில் கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அட்டையில் அச்சிட்டிருக்கும் வாசிப்பு நிலையைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் ‘ரோசா பார்க்ஸ் முடித்துவிட்டாள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். கொஞ்ச காலமாக நான் யோசித்துக்கொண்டிருப்பதும் அவரைப் பற்றித்தான்.

குழந்தைகளுக்கான நூல்கள் பலவற்றில் அவர் வேலை முடிந்து களைத்துத் திரும்பும் ஓர் எளிய தையற்காரி. 1955 டிசம்பர் 1 அன்று அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுக்கிறார், நாடு மாறிவிடுகிறது. இது உண்மையைப் பாதியில் வெட்டிய கதை. அப்போது 42 வயதான அவர், 1943 முதலே கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மாண்ட்கோமரி கிளைச் செயலாளராக உழைத்தவர். அன்று தமக்கு உடற்களைப்பு ஏதும் இல்லை, பணிந்து போய்ப் போய்த்தான் சலித்திருந்தது என்று இளம் வாசகர்களுக்காக 1992இல் எழுதிய தன்வரலாற்றில் அவரே விளக்கியிருக்கிறார். அதன் பிறகும் அந்தக் களைப்பையே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது அவருடைய பன்னிரண்டு ஆண்டு உழைப்பை அழிப்பதாகும்.

அவர் கைதான அன்று இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, சக ஆசிரியர் ஒருவரையும் மாணவர் இருவரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு தாளில் மூன்று அறிவிப்புகள் வீதம் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பேருந்துகளைப் புறக்கணிக்கச் சொல்லும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடியும்வரை அச்சிட்டார். அதன்பின் 381 நாட்கள் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள், கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள். இவர்கள் எவருக்கும் உங்கள் மகள் படித்த நூலில் இடம் இருந்ததா? இல்லையென்றால் அவள் ரோசா பார்க்ஸை இன்னும் முடிக்கவில்லை.

கிளாடெட் கொல்வினை அவளுக்குத் தெரியுமா? ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு, மார்ச் 2 அன்று, அதே நகரில் எழ மறுத்துக் கைதான பதினைந்து வயது மாணவி அவர். பள்ளியில் கறுப்பர் வரலாறு படித்திருந்த அவர், அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஹாரியட் டப்மனும் சோஜர்னர் ட்ரூத்தும் தம் தோள்களை அழுத்தி உட்காரவைத்ததுபோல் உணர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். வயதில் சிறியவர் என்பது உட்படப் பல காரணங்களால் தலைவர்கள் அவரை முன்னிறுத்தத் தயங்கினார்கள். ஆனாலும் பேருந்துப் பாகுபாட்டை 1956இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று முறியடித்த வழக்கில் வாதிகளான நான்கு பெண்களில் அவரும் ஒருவர். வகுப்பறையில் படித்த வரலாறு ஒரு சிறுமியைப் பேருந்தில் அசையாமல் உட்காரவைத்தது என்பதை உங்கள் மகளிடம் சொல்லாமல் வேறு எதைச் சொல்லப்போகிறீர்கள்?

பக்கங்களை ஒதுக்கும் வேலையை இன்றே நிறுத்துங்கள். தம் சித்தி ஹெஸ்டர் சவுக்கடி படுவதைக் கண்டபோது, அடிமையாகப் பிறந்து பின்னாளில் அடிமை ஒழிப்புத் தலைவரான ஃபிரடெரிக் டக்ளஸ் உங்கள் மகளைவிடச் சிறியவர். அவள் அழுதால் அழட்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சேர்ந்து படியுங்கள், அவள் கேட்கும் கேள்விகளுக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். அடுத்ததாகக் கொல்வினைப் பற்றிய நூலை எடுத்துக் கொடுங்கள்.